யாருக்கு என்று கேட்கும் மோட்டார்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

உன் மகளின் கல்யாண அழைப்பு நேற்றுக் காலை என் போனுக்கு வந்து சேர்ந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மோதிரம், ஒரு புறா, ஓரத்தில் கொஞ்சம் கொடி. கீழே 'அன்புள்ள' என்று போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, ஒரு கால்புள்ளி வைத்து, 'குடும்பத்துடன் வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறோம்' என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அன்புள்ள யாருக்கு என்று இல்லை. அந்தக் கால்புள்ளி மட்டும் பஸ்ஸை விட்டுவிட்ட ஆள் மாதிரி தனியாக நின்றுகொண்டிருந்தது. பெற்றவளைக் குடும்பத்துடன் வரச் சொல்லியிருக்கிறாய். உங்களை விட்டால் எனக்கு வேறு எந்தக் குடும்பம்? சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுபோயிற்று.

போனில் கேட்டதற்கு, அழைப்பு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், பெயர்களைக் கொடுக்காமல் சும்மா ஓட்டிப் பார்த்தேன், சோதனைக்கு உன் நம்பரைப் போட்டிருந்தேன் என்றாய். இன்னும் மற்றவர்களுக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே தட்டாகத் தட்டிவிடப் போகிறேன், வீடு வீடாக ஏற எனக்கு லீவு இல்லை என்றும் சொன்னாய். அந்த எல்லோரிலும் உன் அத்தை பாக்கியம் இருக்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். பொறுமையாகப் படி. உன் மகளும் படிக்கட்டும். அவளும் நாளைக்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டியவள்தான். வேறு யார் கையில் கிடைத்தாலும் படித்துவிட்டுப் போகட்டும், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆபீஸை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் நீ இங்கே வந்து இருந்தாயே, எனக்கு அந்த நாட்கள் விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரி இருக்கின்றன. கூடத்து மேசையில் கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வெட்டாற்று வாய்க்கால், அதைத் தாண்டி நம் வயல், அதை ஒட்டி உன் அத்தையின் வயல். நான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாய். திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கெட்டுப் போயிற்றா என்றேன். இல்லை, எந்தக் கோப்பில் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதனால் நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருக்கிறது என்றாய். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்டேன். நான் அணைக்கிறவரைக்கும் என்றாய். எனக்கு அது ரொம்ப நேரம் மனதை விட்டுப் போகவில்லை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போதும் அந்தக் கோடு அங்கே கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, வாசலில் வந்து நின்று பெயர் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிற விருந்தாளி மாதிரி.

அப்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. எல்லாக் கட்டளையும் இப்படிக் காத்திருக்காது, ஒவ்வொன்றுக்கு ஒரு குணம் என்றாய். யார் என்று பெயர் கொடுக்காமல் ஏவிவிட்டால், ஒன்று இப்படி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஒன்று, பெயர் இல்லையா, அப்படியானால் எல்லாம் எனக்குத்தான் என்று இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று எதுவுமே செய்யாமல் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து, வேலை முடிந்தது என்று சொல்லும். இந்த மூன்றாவதுதான் மோசம் என்றாய் நீ. எனக்கு அந்த இரண்டாவதுதான் மோசமாகப் பட்டது. யார் சொன்னது சரி என்று பிறகு நாம் இரண்டு பேருமே பார்த்தோம்.

அந்த வருஷம்தான் நம் போர்வெல் தண்ணீருக்கு வழி பண்ணினாய். தாத்தா காலத்திலிருந்தே அக்கம்பக்கத்து வயல்களுக்கும் நம் மோட்டாரிலிருந்துதான் தண்ணீர் போகிறது. யார் முதலில், யார் பிறகு என்று வரப்பில் நின்று சத்தம் போடுவதைப் பார்த்து உனக்கு அலுத்துப் போயிற்று. பூமிக்குள் குழாய் போட்டு, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கரண்ட் வால்வு வைத்து, மோட்டார் கொட்டகையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாய். தண்ணீர் வேண்டுகிறவர்கள் விளக்கு வைப்பதற்குள் தங்கள் பெயரைப் போனில் அனுப்பிவிட வேண்டும். விடியற்காலையில் ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, வந்திருக்கிற பெயர்களை எடுத்துக்கொண்டு, அந்தந்த வால்வைத் திறந்து, மோட்டாரைப் போடும். முதல் நாள் வால்வு திறந்து, சவரிமுத்து வயலில் யாரும் கை வைக்காமலே தண்ணீர் குபுகுபுவென்று வந்தபோது, அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். எனக்கு உன்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. இருந்தாலும் உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

அதற்குள்ளே நீ ஒரு சௌகரியம் வைத்திருந்தாய். குழாயில் சேறு அடைத்தால் கழுவிவிட வேண்டுமே, அப்போது ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டாம் என்று, பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லா வால்வையும் திறந்துவிடும்படி எழுதியிருந்தாய். அது உனக்கு மட்டும் தெரியும். போன தை மாதம் நீ லீவில் வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் மழை தூறிற்று. பனியோடு சேர்ந்த தூறல், வயலெல்லாம் புகை மூட்டினது மாதிரி. தூறுகிற வானத்தைப் பார்த்துவிட்டு யார் தண்ணீர் கேட்பார்கள்? ஒருத்தர்கூடப் பெயர் அனுப்பவில்லை. விடியற்காலையில் உன் ஸ்கிரிப்ட் தன் வழக்கப்படி எழுந்தது. பெயர் என்று ஒன்றும் வரவில்லை. வெறுங்கையோடு போய் வால்வுகளிடம் நின்றது. பெயர் இல்லையா, அப்படியானால் எல்லாம் என்று அவை திறந்துகொண்டன.

நான் கதவைத் திறந்தபோது பனி விலகவில்லை. மோட்டார் சத்தம் தூரத்தில் யாரோ ஜெபம் சொல்வது மாதிரி கேட்டது. வாய்க்கால் மேட்டில் ஏறிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. எது பனி, எது தண்ணீர் என்று தெரியவில்லை. நம் வயல், சவரிமுத்து வயல், அதற்கு அப்பால் எல்லா வயலும் ஒரே ஏரியாகிவிட்டது போல இருந்தது. குழாய் வாய்களிலிருந்து தண்ணீர் வந்து விழுகிற சத்தம் மட்டும், குளிருக்குச் சின்னப் பிள்ளைகள் பல்லைக் கடிப்பது மாதிரி. அழகாக இருந்தது தம்பி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. உலகம் உண்டாவதற்கு முன்னால் தண்ணீர் மட்டும் இருந்தது என்று வேதத்தில் படிக்கிறோமே, அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்ட மாதிரி நின்றேன். பிறகுதான் உன் அத்தையின் வயல் நினைவுக்கு வந்தது.

மற்றவர்கள் பயிர் இன்னும் பச்சை, அவள் வயல் மட்டும் அறுப்புக்கு நின்றது. வடியவிட்டு, காயவிட்டு, மண் வெடிப்பு விடுகிற பதத்தில் வைத்திருந்தாள். மறுநாள் டயர் வைத்த அறுப்பு மிஷின் வருவதாகப் பேசி வைத்திருந்தாள். தண்ணீர் ஏறி, ஈரத்தில் தாள் நனைந்து, கதிர் பாரம் தாங்காமல் மொத்தமும் படுத்துவிட்டது, வரிசையாகப் படுக்க வைத்த பிள்ளைகள் மாதிரி. நீ பல்கூடத் தேய்க்காமல் ஓடிவந்து கொட்டகையில் சுவிட்சைத் தட்டினாய். அவள் அதற்கு முன்னாலேயே வரப்பில் வந்து நின்றிருந்தாள். நான் வாய்க்காலின் இந்தக் கரையில். அவள் உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"யாரு தண்ணி கேட்டா?" என்றாள்.

"யாரும் கேக்கல அத்தை. அதனாலதான்..." என்றாய் நீ.

"யாரும் கேக்காட்டி எல்லாருக்கும் குடுத்துடுமா? ஒங்க பொட்டி பெரிய தர்மவான்தான்டா தம்பி."

அவ்வளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, படுத்த கதிரை ஒவ்வொரு பிடியாகத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது மறுபடியும் படுத்தது. நீ வரப்பில் நின்றுகொண்டே இருந்தாய். இறங்கவில்லை.

அன்றைக்கு நீ இறங்கியிருக்க வேண்டும். நான் அதைத்தான் இன்றுவரைக்கும் நினைக்கிறேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நாள் முழுக்க ஸ்கிரிப்டைத் திருத்தினாய். எத்தனை பெயர் வந்திருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கும், ஒன்றும் இல்லையென்றால் எதையும் தொடாமல் நின்றுவிடும் என்று என்னிடம் வந்து சொன்னாய். சாயங்காலம் போன் குழுவில், தொழில்நுட்பத் தவறு நடந்துவிட்டது, அனைவரும் மன்னிக்கவும் என்று போட்டாய். எல்லோரும் கும்பிடு போடுகிற கை படத்தை அனுப்பினார்கள். சவரிமுத்து மட்டும் ஒரு பூ அனுப்பினான். உன் அத்தை ஒன்றும் அனுப்பவில்லை. சவரிமுத்து பெண்சாதி போய், பாத்தீங்களா அக்கா, தம்பி மன்னிப்புக் கேட்டிருக்கு என்று சொன்னதற்கு, "அனைவரும்னா யாரு? நான் மட்டும்தானே நனைஞ்சேன்" என்றாளாம். நீ பெங்களூருக்குப் போய்விட்டாய்.

மிஷின் உள்ளே இறங்க முடியவில்லை. சேற்றிலும் இறங்குகிற செயின் மிஷினுக்குச் சொல்லியனுப்பி அது வருவதற்குள், கீழே கிடந்த கதிர் பச்சையாக முளைவிட்டுவிட்டது. அந்தச் சமயம் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஒவ்வொரு வருஷமும் பீடத்தில் வைக்க முதல் கதிர் அவள் வயலிலிருந்துதான் போகும், அது அவள் மாமனார் காலத்து வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கொண்டுவந்தாள். நல்ல வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஒரு கட்டுக் கதிர். ஒவ்வொரு நெல்லிலிருந்தும் ஊசி ஊசியாகப் பச்சை முளை நீட்டிக்கொண்டிருந்தது. பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். போதகர் ஐயா தாழ்ந்த குரலில், என்னம்மா இது என்று கேட்டார். "வெளைஞ்சதத்தானே கொண்டாரச் சொன்னீங்க ஐயா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். என் மகன் பண்ணின காரியம் பீடத்தில் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருக்கிறது, சபை மொத்தமும் என் முதுகைப் பார்க்கிறது. திமிர் பிடித்தவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதையும் அவள் கணக்கில் சேர்த்து வைத்தேன். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முளை பளபளவென்று மின்னியது. பாட்டு முடிகிறவரைக்கும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சித்திரையில் சின்னப்பன் தன் பெயரை அனுப்புகிறேன் என்று ஒன்றும் எழுதாமல் வெறும் இடைவெளியை அனுப்பிவிட்டான். விடியற்காலையில் உன் ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்தது. ஒன்று வந்திருக்கிறது, சரி என்று கிளம்பிவிட்டது. வால்விடம் போய்க் கையை விரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடியும் எல்லா வாயும் திறந்தது. பிடுங்கிப் போட்ட உளுந்துச் செடி வயல்களில் காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு நான் கொட்டகைக்குப் போய் மெயினை இறக்கினேன், யாருக்கும் சேதம் இல்லை. போனில் உன்னிடம் சொன்னபோது, "பேரே வராதது வேறம்மா, வெறும் பேரு வர்றது வேற. நான் ரெண்டாவதப் பாக்கல" என்றாய். அதன் பிறகுதான் சரியாகச் செய்தாய். எத்தனை பெயர் என்று எண்ணும். ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தொட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும். 'மேல வீட்டு அருளப்பன்' என்று வந்தால் அதை மூன்று ஆளாக வெட்டாமல் ஒரே ஆளாகப் பிடித்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் என்ற அந்தச் சௌகரியத்தை எடுத்தே விட்டாய். விளக்கு வைத்த பிறகும் பெயர் எதுவும் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு நின்றுவிடாமல், என் போனுக்கு ஒரு வார்த்தை அனுப்பும்: 'யாருக்கு?' நான் பதில் சொன்னால் திறக்கும். சொல்லாவிட்டால் மோட்டார் தூங்கும்.

எண்ணுவது மட்டும் போதாது என்று நீ அன்றைக்குச் சொன்னபோது எனக்கு உன் ஞானஸ்நானம் நினைவுக்கு வந்தது. உனக்கு இதைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன், முழுக்கச் சொன்னதில்லை. உனக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் உன் அத்தைதான். குழந்தையைக் கையில் ஏந்தி நின்று, போதகர் பெயர் கேட்கும்போது அவள்தான் சொல்ல வேண்டும். அவளைக் கூப்பிட உன் அப்பா போனார். அவள் அன்றைக்கு வேதாரண்யத்தில் புருஷன் வீட்டுச் சொந்தத்தைப் பார்க்கப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. உன் அப்பா அச்சடித்த அழைப்பை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்துவிட்டார். அதில் பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்குமே, அந்தக் கோட்டின் மேல் எதுவும் எழுதவில்லை. தங்கைக்கு என்ன பெயர் எழுதுவது, அவள் வீட்டு ஜன்னலில் இருந்தால் அவளுக்குத்தானே என்றார். அழைப்பு ஒன்று போய்ச் சேர்ந்தது. உள்ளே ஆள் இல்லை.

அவள் வரவில்லை. கோயிலில் நான் உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வாசலையே பார்க்கிறேன். போதகர் கையில் தண்ணீரை அள்ளிக்கொண்டு, இந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. நீ அழவில்லை, அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால், அந்தத் திரையில் மினுக்கிக்கொண்டிருந்த கோடுதான் கண்ணில் தெரிகிறது. சுற்றிலும் எல்லோரும் இருந்தும், சொல்ல வேண்டியவள் இல்லாததால் ஒரு பெயர் வெளியே வராமல் நின்றது. கடைசியில் நான் எழுந்து நின்று சொன்னேன். தாய் சொல்லக் கூடாது என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அவள் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது, செத்துப்போனவள், விட்டுவிடுகிறேன்.

ஏன் வரவில்லை என்று ஆள் விட்டுக் கேட்டதற்கு, "பேரில்லாத காயிதம் காத்துலகூடப் பறந்து வந்து செருகிக்கும்" என்று சொல்லியனுப்பினாள். அண்ணன் வீட்டுக்கு வர ஒரு தங்கைக்குக் காகிதமா வேண்டும் என்று நான் கேட்கிறேன். வந்திருக்க வேண்டும். உன் அப்பா எழுதாதது தப்பு, அதை அவர் இருந்தவரைக்கும் அவரை நான் மறக்கவிடவில்லை. ஆனால் அவள் வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவளோடு நான் முகம் பார்த்துப் பேசியது உன் அப்பா இறந்த அன்றைக்கு மட்டும்தான். ஒன்றை மட்டும் நீ கவனித்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அவள் வீட்டுக்குத்தான் ஓடுவாய், பணியாரம் தின்றுவிட்டுத்தான் வருவாய், நான் தடுத்ததில்லை. உன்னை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை வருஷத்தில் உன் பெயரை அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. தன்னைச் சொல்ல விடாத பெயரைத் தான் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறாள். வீம்பில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை.

இப்போது குறுவை நட்டிருக்கிறார்கள். ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், வெயிலும் தாங்கவில்லை. எல்லோரும் விளக்கு வைப்பதற்குள் பெயர் அனுப்பிவிடுகிறார்கள். உன் அத்தை அனுப்புவதில்லை. தை மாசத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட அனுப்பவில்லை. நீ சரியாகச் செய்து வைத்திருக்கிறாய் அல்லவா, பெயர் சொன்னவர்களுக்குத்தான் தண்ணீர் போகும். சொல்லாதவளின் வயலைத் தாண்டித் தாண்டி அது போய்க்கொண்டிருந்தது. நட்டு வேர் பிடித்த பயிர், நுனி பழுத்து, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. நான் தினமும் மேட்டில் நின்று பார்ப்பேன். மூன்றாவது குணம்தான் மோசம் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் எந்தத் தப்பும் பண்ணவில்லை, மோட்டார் ஓடுகிறது, வேலை முடிந்தது, ஒரு வயல் மட்டும் காய்கிறது.

மற்ற எல்லோருக்கும் பாய்ந்து முடிந்த ஒரு சாயங்காலம் யாருடைய பெயரும் வரவில்லை. என் போன் 'யாருக்கு?' என்று கேட்டது. நான் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாக்கியம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்பு என்று நினைத்துக்கொள்ளாதே. பயிர் என்ன செய்யும், அதற்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. விடிந்ததும் அவள் வயலில் மட்டும் தண்ணீர் கண்ணாடி மாதிரி பரவி நின்றது, அதற்குள் வானம் இறங்கியிருந்தது, கொக்கு ஒன்று வானத்தின் மேல் நடந்துகொண்டிருந்தது. அவள் வரப்பில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த தன் ஆட்டைப் பார்த்து, "யாருடி கேட்டா?" என்றாள். நான் வாய்க்காலில் கிடந்த எருமையைப் பார்த்து, "கேக்க வேண்டியவங்க கேட்டாங்க" என்றேன். ஆடும் எருமையும் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவள் மடையைத் திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். செய்யவில்லை. அடுத்த தடவை நான் பெயர் கொடுத்த அன்றைக்குப் போய்ப் பார்த்தால், குழாய் வாய்க்கு முன்னால் மண்டியிருந்த புல்லை அறுத்து, தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் இருக்க ஒரு உடைந்த அம்மிக்கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். அதுதான் அவள் பேச்சு. எனக்குக் கேட்டுவிட்டது.

அதனால் தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ தட்டப்போகிறதை எல்லோருக்கும் தட்டு, அவளை மட்டும் எடுத்துவிடு. கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஒரு நாள் நீயே வா. லீவு இல்லை என்று என்னிடம் சொல்லாதே. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போ. ஜன்னல் கம்பியில் எதையும் செருகாதே. அவள் வீட்டில் இல்லையென்றால் வருகிறவரைக்கும் உட்கார்ந்திரு, காத்திருக்கிற அந்தக் கட்டளை மாதிரி. வந்ததும் முதலில் தை மாத நெல்லைப் பற்றிச் சொல்லு. அனைவரும் என்று சொல்லாதே, தொழில்நுட்பம் என்று சொல்லாதே. 'பாக்கியம் அத்தை, ஒங்க வயலு என்னாலதான் படுத்துச்சு' என்று சொல்லு. அது அவளுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டிய வார்த்தை. பிறகு கல்யாணத்துக்குக் கூப்பிடு, பெயர் சொல்லி. அவள் உடனே இளகிவிட மாட்டாள். ஒங்க பொட்டி எப்படி இருக்கு என்று குத்துவாள். குத்தட்டும். பணியாரம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. நீ திரும்பி வரும்போது அவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளா, தம்பி என்று கூப்பிட்டாளா என்று மட்டும் வந்து எனக்குச் சொல்லு. எதுவாக இருந்தாலும் சொல்லு.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று அங்கே போய் உளறிவைக்காதே. ஆகவில்லை. அந்தத் தண்ணீர் சொட்டினது இன்னும் என் காதில் இருக்கிறது, பீடத்தில் முளைத்த கதிர் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கல்யாணத்தன்று அவளை முன் பெஞ்சில், எனக்கு நேர் எதிரே உட்கார வை. நான் அவளோடு பேசப் போவதில்லை. பேசாமல் இருப்பதற்காவது அவள் அங்கே இருக்க வேண்டும் அல்லவா. இல்லாத ஆளோடு எத்தனை வருஷம்தான் பேசாமல் இருப்பது?

மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்லு. பேத்திக்கு முத்தம். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது, வாய்க்கால் தண்ணீர் மாந்தளிர் நிறத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு ஒருத்தரும் பெயர் அனுப்பின மாதிரி தெரியவில்லை. அவள் வயல் பாதி காய்ந்திருக்கிறது. போன் கேட்கப் போகிறது, யாருக்கு என்று. நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அம்மா